உதறல் எங்கிருந்து வருகிறது?

ஏலகிரி மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். மலைமேல் உள்ள அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றும் நான், ஆறு ஆண்டுகளாக அந்த வளைவுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். என் காரில் இன்னும் மூன்று ஆசிரியர்கள் வருவார்கள். பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்வோம். 2007-ஆம் ஆண்டின் சிறிய கார் அது. நான் அதன் மூன்றாவது உரிமையாளர்.

ஒரு மாலை மலையிறங்கும்போது, வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் துடித்தது. ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறியது. கூடவே முன்சக்கரத்தில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். பின்னிருக்கையில் பேசிக்கொண்டிருந்த தமிழாசிரியை பேச்சை நிறுத்தி, முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நின்றுவிட்டது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை அவர் பேருந்தில் வந்தார். "கோவிச்சுக்காதீங்க டீச்சர், வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு" என்றார். அந்தச் சொல் எனக்குள் தைத்தது.

அது முதல் முறை அல்ல என்பதுதான் வருத்தம். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு இதே உதறல் வந்தபோது, ஒரு பட்டறையில் பிரேக் பேட்களை மாற்றினார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தது. மீண்டும் வந்தபோது, டிஸ்க்கை லேத்தில் சீவி, மறுபடியும் புதிய பேட் போட்டார்கள். ஏழு மாதம் நன்றாக இருந்தது. இப்போது மூன்றாவது முறை. இரண்டு முறையும் பழுது பார்த்தார்கள். ஆனால் பழுது எது என்று யாரும் பார்க்கவில்லை. பணம் கொடுத்த நானும் கேட்கவில்லை.

மூன்றாவது முறை நடந்ததை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம்மில் பலர் பழைய கார்களிலும் இருசக்கர வண்டிகளிலும்தான் பள்ளிக்குச் செல்கிறோம். அந்த வகையில் இது பயன்படும். இன்னொரு காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

பிரேக் என்ன செய்கிறது?

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை வெப்ப ஆற்றலாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. ஆட்களோடு சேர்த்து 900 கிலோ நிறையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். வினாடிக்கு 16.67 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 1,25,000 ஜூல். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 30 டிகிரி உயர்த்தப் போதுமான வெப்பம் இது. ஒரே ஒரு முறை வண்டியை நிறுத்துவதில் இவ்வளவு வெப்பம் பிரேக்குகளில் இறங்குகிறது. மலையிறக்கத்தில் இது தொடர்ந்து நடக்கும். அதனால்தான் எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் ஒரு பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும்.

நாம் பெடலை மிதிக்கும் விசை, பிரேக் ஆயில் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. எட்டாம் வகுப்பில் நாம் நடத்தும் பாஸ்கல் விதிதான் இது. மாஸ்டர் சிலிண்டரின் சிறிய பிஸ்டனில் கொடுக்கும் அழுத்தம், காலிப்பரின் பெரிய பிஸ்டனில் பெரிய விசையாக வெளிப்படுகிறது. அந்த விசை இரண்டு பேட்களை நெருக்கி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வுகிறது.

பாடத்தில் நாம் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. இந்தப் பாதை ஒருவழிப் பாதை அல்ல. காலில் இருந்து சக்கரத்துக்கு விசை போவதுபோல, சக்கரத்தில் நடப்பது காலுக்குத் திரும்பியும் வரும். டிஸ்க்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் பிஸ்டன் அசையாமல் அழுத்திக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் பின்னுக்குப் போய் முன்னுக்கு வரும். ஆயில் அதைப் பெடலுக்குக் கொண்டுவரும்.

எவ்வளவு வேறுபாடு இருந்தால் காலுக்குத் தெரியும்? ஒரு கணக்குப் போடுவோம். காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 48 மி.மீ., மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பரப்பு விகிதம் ஏறத்தாழ 6. டிஸ்க்கின் தடிமனில் 0.03 மி.மீ. வேறுபாடு இருந்தால், மாஸ்டர் சிலிண்டரில் அது 0.18 மி.மீ. நகர்வாகும். பெடல் ஒரு நெம்புகோல். அது 4 மடங்கு பெருக்கினால், காலடியில் ஏறத்தாழ 0.7 மி.மீ. தலைமுடியைவிட மெல்லிய வேறுபாடு, காலுக்குத் தெளிவாகத் தெரியும் துடிப்பாகிவிடுகிறது.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்

எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் சொல்லி, திருப்பத்தூரில் வேறொரு பட்டறைக்குப் போனேன். ஐம்பதைக் கடந்த மெக்கானிக். நான் சொல்லத் தொடங்கியதுமே ஜாக்கியை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்ப உதறுது டீச்சர்? மிதிக்கிறப்ப மட்டுமா, சும்மா ஓடுறப்பவுமா?"

"மிதிக்கிறப்ப மட்டும்தான் அண்ணா."

"எங்க தெரியுது? கையிலயா, கால்லயா, சீட்டுலயா?"

"கையிலயும் கால்லயும்."

"வண்டி எடுத்த உடனேயா, சூடான பிறகா? சத்தம் எப்ப வருது? இதுக்கு முன்னாடி என்னென்ன மாத்தினாங்க, எத்தனை நாள் நல்லா இருந்துச்சு?"

நான் பதில் சொல்லச் சொல்ல, ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டார். பிறகுதான் "வாங்க, ஓட்டிப் பாத்துடலாம்" என்றார். அவருடைய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருந்தது என்பது பிறகு புரிந்தது.

பிரேக் மிதிக்காமலேயே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதறினால், குற்றம் பெரும்பாலும் பிரேக்கில் இல்லை. சக்கரத்தின் சமநிலை, டயரின் வீக்கம், வளைந்த ரிம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக்கைச் சந்தேகிக்கலாம். உதறல் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம். இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம் என்பது பொதுவான வழிகாட்டி.

இதை உறுதிசெய்ய இன்னொரு சோதனையும் செய்தார். ஆளில்லாத நேர்ச்சாலையில், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக உயர்த்தினார். எங்கள் காரில் ஹேண்ட் பிரேக் பின்சக்கர டிரம்களை மட்டும் இயக்குகிறது. வண்டி துடிப்பின்றி வேகம் குறைந்தது. "பின்னாடி ரெண்டும் சுத்தம். முன்னாடிதான்" என்றார். ஒரு கருவியும் இல்லாமல் நான்கு சக்கரங்களில் இரண்டை விலக்கியாயிற்று. இந்தச் சோதனையைப் பழக்கமில்லாதவர்கள் தாமாகச் செய்ய வேண்டாம். சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கும்.

துடிப்பின் வேகத்தையும் கவனிக்கச் சொன்னார். எங்கள் கார் டயரின் சுற்றளவு 1.7 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழ 10 முறை சுற்றும்; 25 கி.மீ. வேகத்தில் 4 முறை. வண்டி வேகம் குறையக் குறையத் துடிப்பும் அதே விகிதத்தில் குறைந்தால், குற்றம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றில் இருக்கிறது என்று பொருள். எங்கள் வண்டியில் அப்படித்தான் குறைந்தது.

புதிய கார் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் பெடல் வேகமாக அதிரும். அது பழுதல்ல, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அந்த அமைப்பு தன் வேலையைச் செய்கிறது. அப்போது காலை எடுத்துவிடக் கூடாது.

சத்தங்கள் சொல்லும் செய்தி

பிரேக் சத்தம் டிஸ்க் பிரேக்கின் வயதுடையது. 1902-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்தியவை செம்பாலான பேட்கள். உலோகத்தோடு உலோகம் உரசி எழுந்த கிறீச்சிடல் தாங்க முடியாததாக இருந்தது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கல்நார் கலந்த உராய்வுப் பொருளைக் கொண்டுவந்த பிறகே அது அடங்கியது. கல்நார்த் தூள் நுரையீரலுக்குக் கேடு என்று தெரிந்த பின் அதுவும் கைவிடப்பட்டு வருகிறது. பழைய வண்டிகளின் லைனிங்கில் அது இன்னும் இருக்கக்கூடும். ஆகவே பிரேக் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது மெக்கானிக் சொன்னவற்றை வகைப்படுத்தித் தருகிறேன்.

மழைக்கு மறுநாள் காலை, முதல் சில மிதிப்புகளில் மட்டும் 'சரசர' என்று உரசல்: டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு. தானாகப் போய்விடும்.

மெல்ல மிதிக்கும்போது நீண்ட 'கிரீச்': பேட்டின் மேற்பரப்பு சூட்டில் கண்ணாடிபோல் பளபளப்பாகியிருக்கலாம். பேட்டைப் பிடித்துக்கொள்ளும் கிளிப்போ, அதன் பின்னால் வைக்கும் தகடோ விடுபட்டிருக்கலாம். பேட் தாறுமாறாக அதிர்வதால் வரும் சத்தம் இது.

ஓடும்போதே விடாமல் மெல்லிய கீச்சொலி: பல பேட்களில் எச்சரிக்கைத் தகடு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து 2 அல்லது 3 மி.மீ. ஆனதும் அது டிஸ்க்கைத் தொட்டு ஒலி எழுப்பும். உடனே பேட் மாற்ற வேண்டும்.

'கரகர' என்று அரைக்கும் சத்தம்: உராய்வுப் பொருள் தீர்ந்து, பேட்டின் இரும்புத் தகடு டிஸ்க்கை அரைக்கிறது. அதற்கு மேல் வண்டியை ஓட்டக் கூடாது. சில நேரம் டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகரக் காப்புக்கும் இடையில் ஒரு கூழாங்கல் சிக்கியும் இப்படிக் கேட்கும். எதுவாயினும் நிறுத்திப் பார்ப்பதே அறிவு.

முன்னும் பின்னும் நகர்த்தி மிதிக்கும்போது 'டொக்': பேட் அதன் இடத்தில் தளர்வாக இருக்கிறது, அல்லது சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்திருக்கிறது.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மிகுந்த சூடும், கருகல் வாடையும்: காலிப்பர் நகர வேண்டிய பின்கள் துருவில் இறுகி, மிதிப்பை விட்ட பின்னும் பேட் டிஸ்க்கைப் பிடித்திருக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் கூடும்.

துரு ஒளிந்திருந்த இடம்

பட்டறைக்குத் திரும்பிச் சக்கரத்தைக் கழற்றினார். பேட்களில் இன்னும் 7 மி.மீ. இருந்தது. மேற்பரப்பு மட்டும் பளபளத்தது. கிரீச் சத்தத்துக்குக் காரணம் கிடைத்தது. காலிப்பர் பின்கள் தாராளமாக நகர்ந்தன.

அடுத்து மைக்ரோமீட்டரை எடுத்தார். ஒன்பதாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் திருகு அளவியேதான், மீச்சிற்றளவு 0.01 மி.மீ. டிஸ்க்கின் சுற்றில் எட்டு இடங்களைச் சாக்பீஸால் குறித்து, ஒவ்வொன்றிலும் தடிமனை அளந்தார். 9.62, 9.62, 9.61, 9.60, 9.59, 9.60, 9.61, 9.62. பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் வேறுபாடு 0.03 மி.மீ. நான் மேலே போட்ட கணக்கு இந்த எண்ணில் இருந்து வந்ததுதான்.

முந்தைய பட்டறைகள் இந்த இடத்தில் நின்றிருந்தால்கூட, டிஸ்க்கைச் சீவியதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருக்கும். அவர் நிற்கவில்லை. "சீவின டிஸ்க் ஏழு மாசத்துல ஏன் டீச்சர் மெலியுது, அதுவும் ஒரு பக்கம் மட்டும்?" என்று என்னையே கேட்டார்.

வீல் நட்டுகளால் டிஸ்க்கை இறுக்கிவைத்து, டயல் கேஜின் முனையை அதன் முகத்தில் வைத்தார். டிஸ்க்கை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். முள் 0.17 மி.மீ. ஆடியது. டிஸ்க் நேராகச் சுழலவில்லை, கோட்டமாகச் சுழல்கிறது. இந்த ஆட்டம் 0.1 மி.மீ.க்குள், முடிந்தால் 0.05-க்குள் இருக்க வேண்டும் என்றார்.

இப்போது கேள்வி: கோட்டம் டிஸ்க்கிலா, அது உட்கார்ந்திருக்கும் ஹப்பிலா? அதற்கு அவர் செய்த சோதனையை நான் ஆய்வகத்தில் நடத்தும் எந்தச் சோதனைக்கும் குறைவாகச் சொல்ல மாட்டேன். முள் உயர்ந்த இடத்தை டிஸ்க்கிலும் அதற்கு நேரே ஹப்பிலும் குறித்தார். டிஸ்க்கைக் கழற்றி, அரைச்சுற்றுத் திருப்பி மறுபடியும் மாட்டினார். மேடு டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் டிஸ்க்கில். ஹப்பில் குறித்த இடத்திலேயே நின்றால் குற்றம் ஹப்பில். மேடு ஹப்பின் குறியிலேயே நின்றது.

டிஸ்க்கைக் கழற்றி ஹப்பின் முகத்தை டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு போல்ட்டின் ஓரத்தில் காய்ந்த துருச் செதில் ஒன்று. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. உயரம் 0.1 மி.மீ. இருக்கலாம். ஹப்பின் விட்டம் 13 செ.மீ.; நாங்கள் அளந்த இடத்தில் டிஸ்க்கின் விட்டம் 22 செ.மீ. வடிவொத்த முக்கோணக் கணக்குப்படி 0.1 மி.மீ. சாய்வு, டிஸ்க்கின் விளிம்பில் ஏறத்தாழ 0.17 மி.மீ. ஆகும். டயல் கேஜ் காட்டியதும் அதுதான்.

எல்லாம் பொருந்திவிட்டது. கோட்டமாகச் சுழலும் டிஸ்க்கின் ஒரு பகுதி, பிரேக் மிதிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை லேசாக உரசிச் செல்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்தப் பகுதி மட்டும் மெலிகிறது. அதன் பிறகே உதறல் தொடங்குகிறது. எத்தனை முறை டிஸ்க்கைச் சீவினாலும், அதே துருவின் மேல் மாட்டினால் சில மாதங்களில் திரும்பி வரும். 'டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது' என்று பட்டறைகளில் சொல்வது பல நேரங்களில் இந்தக் கதைதான்.

கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் ஹப்பின் முகத்தைத் தேய்த்துத் துடைத்தார். மறுபடியும் அளந்தபோது முள் 0.04 மி.மீ. மட்டுமே ஆடியது. அடுத்த பக்க ஹப்பையும் அப்படியே சுத்தம் செய்தார். எங்கள் டிஸ்க்கின் மேல் குறைந்தபட்சத் தடிமன் 8.5 மி.மீ. என்று பொறிக்கப்பட்டிருந்தது. அதனால் புதிய டிஸ்க் தேவைப்படவில்லை. இரு பக்க டிஸ்க்குகளையும் லேசாகச் சீவினால் போதுமானதாக இருந்தது. பேட்டின் பளபளப்பை உப்புத்தாளால் எடுத்துவிட்டு அவற்றையே மாட்டினார். வீல் நட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக இறுக்காமல், எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினார். சமமில்லாமல் இறுக்கினால் அதுவே டிஸ்க்கைக் கோணலாக்கிவிடுமாம்.

பிரேக் ஆயிலையும் மாற்றினார். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் சேர்ந்த பின் 140 வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது என்றார். நான் வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லை.

மொத்தச் செலவு முந்தைய இரண்டு முறையில் எந்த ஒன்றின் பாதிகூட இல்லை.

வகுப்பறையில் ஓர் உதறல்

இனி, இந்த இதழுக்கு இதை எழுதியதன் இன்னொரு காரணம்.

அந்தப் பருவத்தில் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்ததால், எட்டாம் வகுப்புக் கணக்கையும் நானே எடுத்தேன். ஒரு மாணவனுக்கு வகுத்தல் வரவில்லை. வாய்ப்பாடு போதவில்லை என்று முடிவுசெய்து, இரண்டு வாரம் வாய்ப்பாடு சொல்ல வைத்தேன். சொன்னான். தேர்வில் மீண்டும் தவறினான். இன்னும் நிறையக் கணக்குகளைக் கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்தேன். சில நாள் சரியாக வந்தது. பிறகு பழையபடி ஆனது. 'கவனக்குறைவு' என்று அவன் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

பட்டறையில் இருந்து திரும்பிய அந்த இரவு, அவன் நோட்டு நினைவுக்கு வந்தது. நானும் பேட் மாற்றிக்கொண்டுதானே இருந்தேன்? பி.எட். படிக்கும்போது குறையறி சோதனை, குறைதீர் கற்பித்தல் என்று இரண்டையும் வரிசையாக எழுதித் தேர்ச்சி பெற்றவள்தான் நான். முதலாவதைத் தாண்டிக் குதித்து இரண்டாவதில் இறங்கியிருந்தேன்.

மறுநாள் அவனை அருகில் உட்காரவைத்து, புதிதாக எதையும் கற்பிக்காமல் அவன் செய்வதைப் பார்த்தேன். எப்போது தவறுகிறது? 848-ஐ 4-ஆல் வகுத்து 212 என்று சரியாக எழுதினான். 936-ஐ 3-ஆல் வகுத்து 312. அதுவும் சரி. 612-ஐ 6-ஆல் வகுத்தபோது 12 என்று எழுதினான். 824-ஐ 8-ஆல் வகுத்தபோது 13. வாய்ப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. ஈவில் பூச்சியம் வர வேண்டிய இடத்தில் மட்டுமே தவறியது.

இன்னும் ஒரு படி கீழே போனேன். "நூற்று இரண்டு என்று எண்ணால் எழுது" என்றேன். 1002 என்று எழுதினான். அவன் பின்னால் இருந்தது வகுத்தல் அல்ல, இடமதிப்பு. இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ படிந்த ஒரு சிறு துரு. அதன் மேல் ஐந்து ஆண்டுகளாக நாம் புதுப் புதுப் பாடங்களை மாட்டிக்கொண்டிருந்தோம்.

குச்சிகளையும் பத்துக் குச்சிக் கட்டுகளையும் வைத்து, பூச்சியம் என்பது 'அந்த இடத்தில் ஒன்றும் இல்லை' என்று காட்டும் காவல் எண் என்பதைப் புரியவைக்க மூன்று வாரம் ஆயிற்று. அவன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். கணக்கில் முதல் மாணவன் ஆகிவிடவில்லை. ஆனால் வகுத்தல் கணக்கைக் கண்டால் தலைகுனிவதில்லை. 'கவனக்குறைவு' என்று நான் எழுதிய பக்கத்தை அவனிடம் வாங்கி, அதை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அது என் பிழை.

மாணவர்களோடு செய்து பார்க்க

1. சக்கரச் சுற்றளவு: டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மிதிவண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி நீளத்தை அளக்கச் சொல்லலாம். வேகம் கொடுத்து, வினாடிக்கு எத்தனை சுற்று என்று கணக்கிட வைக்கலாம்.

2. கோட்டம் காணுதல்: அரசின் விலையில்லா மிதிவண்டிகளை உயர்நிலை, மேல்நிலை மாணவர்கள் நன்கு அறிவார்கள். ஒன்றைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ரிம்மின் அருகே சாக்பீஸை அசையாமல் பிடித்தால், கோட்டம் உள்ள இடத்தில் மட்டும் கோடு விழும். டயல் கேஜ் செய்யும் வேலை இதுவே. கம்பிகளுக்குள் விரல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. இருவழிப் பாஸ்கல்: ஊசி நீக்கிய 5 மி.லி., 20 மி.லி. சிரிஞ்சுகளைச் சிறு குழாயால் இணைத்து, குமிழ் இல்லாமல் நீர் நிரப்புங்கள். சிறியதைத் தள்ளினால் பெரியது குறைவாக நகரும். பெரியதைச் சிறிது தட்டினால் சிறியது அதைவிடக் கூடுதலாகத் துள்ளும். காலில் தெரியும் துடிப்பு இதுதான்.

4. காரணத்தைப் பிரித்தறிதல்: டிஸ்க்கைத் திருப்பி மாட்டிய சோதனையைக் கதையாகச் சொல்லி, 'வேறு எதில் இப்படி ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்கலாம்?' என்று கேளுங்கள். எரியாத டார்ச்சில் குற்றம் மின்கலத்திலா, விளக்கிலா என்பதில் தொடங்கலாம்.

நம் பாதுகாப்புக்கு

பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலோ, அரைக்கும் சத்தம் வந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பிரேக் விளக்கு எரிந்தாலோ, ஆயில் மட்டம் குறைந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். பேட், டிஸ்க், ஷூ எதை மாற்றினாலும் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பட்டறையில் வண்டியை விடும்போது 'பிரேக்கைப் பார்த்துடுங்க' என்று மட்டும் சொல்லாமல் எப்போது, எங்கே, எப்படி என்று எழுதிக் கொடுங்கள். பழுது திரும்பி வந்தால், 'போன முறை என்ன மாற்றினீர்கள்?' என்று கேட்பதோடு நிற்காமல், 'ஏன் கெட்டது என்று அளந்து பார்த்தீர்களா?' என்றும் கேளுங்கள்.

ஒரு கல்வியாண்டு முடிந்துவிட்டது. அதே வளைவுகளில் 11,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது என் கார். பெடல் அமைதியாக இருக்கிறது. தமிழாசிரியை இரண்டாவது வாரமே காருக்குத் திரும்பிவிட்டார். இறங்கும்போது அவர் இப்போது பேச்சை நிறுத்துவதில்லை.